பக்கத்தில் கிடந்த கை

மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜமால் முகம்மது கண் விழித்தபோது அவருக்குப் பக்கத்தில் ஒரு கை கிடந்தது. ஆம்பிளைக் கை. புறங்கையில் நரைத்த முடி, ஒட்ட வெட்டிய நகம். வார்டில் இடம் இல்லாமல் வேறு யாரையோ இதே கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, பாவம், என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் படுக்கப் பார்த்தார். உடம்பு நகரவில்லை.

“ஆமினா,” என்றார். நாக்கு குழறியது. “இவரு யாரு?”

கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஆமினா, பேச்சு வந்துவிட்டதே என்று அழத் தொடங்கினாள். பிறகுதான் கேள்வி அவள் காதில் ஏறியது.

“யாரைக் கேக்குறீங்க?”

“இந்தக் கை. யாரு கை இது?”

“உங்க கைதாங்க.”

“என் கை இந்தா இருக்கு,” என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார். அவள் எதற்காக விளையாடுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

கொடைக்கானல் பஜாரில் ஜமால் முகம்மதுவுக்கு ஸ்வெட்டர் கடை. அவருடைய அத்தா போட்ட கடை. லூதியானாவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் ஸ்வெட்டர், சால்வை, கையுறை, குரங்குக் குல்லா. கடைக்குள் நுழைகிறவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்ப்பார். அப்புறம் திரும்பிப் பார்க்காமலே அடுக்கிலிருந்து ஒன்றை உருவிக் கொடுப்பார். அது சரியாக இருக்கும். அடுத்தவர் உடம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அத்தனை வருடமாகப் பார்த்துப் பழகிய மனிதர் அவர். ஒரு மார்கழிக் காலையில், ஷட்டரைத் தூக்கக் குனிந்தவர் இடப்பக்கமாகச் சரிந்தார். கடையில் வேலை பார்க்கும் ஜெயமுருகன்தான் ஓடிவந்து தாங்கிப் பிடித்து, கார் பிடித்து, மலையிறக்கி மதுரைக்குக் கொண்டுபோனவர்.

மூளையின் வலது பக்கத்தில் ரத்தம் கட்டியிருக்கிறது, அதனால் இடது பக்கம் விழுந்துவிட்டது என்றார் டாக்டர். கால் தேறிவரும். கையும் கொஞ்சம் தேறலாம். “அவருக்கு அந்தக் கை மேல இருந்த ஞாபகமே போயிருக்கும்மா. சில பேருக்கு இப்படி ஆகுறதுண்டு. திட்டாதீங்க, வற்புறுத்தாதீங்க,” என்றார்.

வீட்டுக்குத் திரும்ப, காரில் மலையேறும்போது ஜமால் முகம்மது பின்சீட்டில் சாய்ந்திருந்தார். பெருமாள்மலை தாண்டியதும் மூடுபனி இறங்கியது. கண்ணாடிக்கு வெளியே மரமும் இல்லை, ரோடும் இல்லை. தன் மடியில் கிடந்த அந்தக் கையை அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். யாராக இருந்தாலும் சரி, இவ்வளவு தூரம் கூடவே வருகிறாரே என்று இருந்தது.

மூஞ்சிக்கல்லில் அவர்கள் வீடு சரிவில் இருக்கிறது. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் கீழே தகரக் கூரைகள், அப்புறம் யூகலிப்டஸ், அப்புறம் வெறும் வெள்ளை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆமினா அவரைப் படுக்க வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவர் தூங்கவும் மாட்டார், விழித்திருக்கவும் மாட்டார். இரண்டுக்கும் நடுவில் மிதந்துகொண்டிருப்பார். மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள் வந்து, பீரோவைத் தொட்டு, கட்டில் கால்களைச் சுற்றிக்கொண்டு, போக மனமில்லாமல் நிற்கும்.

அப்படி ஒரு மத்தியானத்தில் ரஜாய்ப் போர்வை மேல் கிடந்த அந்தக் கையை வலது கையால் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்து கிடந்தது. எப்போதோ தொட்ட குளிர். அவருக்குச் சட்டென்று ஆள் தெரிந்துவிட்டது.

அது அவருடைய தம்பி முஆத்தின் கை.

சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் கடைக்குப் பின்னாலிருந்த அறையில் ஒரே கம்பளிக்குள் படுப்பார்கள். முஆத் எப்போதும் இடப்பக்கம். தூக்கத்தில் புரண்டு, ஐஸ் மாதிரி இருக்கும் கையைத் தூக்கி அண்ணன் மேல் போட்டுவிடுவான். “எடுடா பக்கி,” என்று தள்ளுவார். கொஞ்ச நேரத்தில் அது திரும்ப வந்துவிடும். பிறகு முஆத் வளர்ந்தான், கல்யாணம் முடித்தான், ரியாத்துக்கு வேலைக்குப் போனான். கொரோனா வந்த வருடம் அங்கேயே ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். விமானம் ஒன்றும் ஓடவில்லை. மையத்தை, அவன் உடலை, அங்கேயே அடக்கிவிட்டார்கள் என்று போன் வந்தது. குளிப்பாட்டியது யார், குழியில் இறக்கியது யார் என்று கேட்பதற்குக்கூட ஆள் கிடைக்கவில்லை. ஜமால் முகம்மது வீட்டிலேயே நின்று தொழுதார். மறுநாள் கடையைத் திறந்துவிட்டு, திறக்கக் கூடாதென்ற ஊரடங்கு நினைவு வந்து, திரும்ப மூடினார். அதன் பிறகு தம்பியைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

இப்போது அவன் கை வந்து பக்கத்தில் கிடந்தது. அவர் ரஜாயை இழுத்து அதை மூடிவிட்டார்.

நாட்கள் அப்படியே போயின. அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருப்பதை ஆமினா கவனித்தாள். நோய் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். கடையிலிருந்து நல்ல கம்பளிக் கையுறை ஒன்று கொண்டுவரச் சொன்னார். சோடியாக வந்தது. ஒன்று போதும், இடது கைக்கு, என்றார். அதைத் தானே பொறுமையாக, ஒவ்வொரு விரலாக மாட்டிவிட்டார். மத்தியானங்களில் கதவுக்கு வெளியே அவள் நடக்கும்போது உள்ளே தாழ்ந்த குரலில் பேச்சு கேட்கும். ஓதிக்கொண்டிருக்கிறார் என்று அவள் நடந்துபோவாள்.

அஸர் தொழுகைக்கு நாற்காலியில் உட்கார வைத்து, கைகால் கழுவி அவரை ஒளு செய்யவைத்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. செம்பில் வெந்நீர் ஊற்றினாள். வாய் கொப்பளித்தார், முகம் கழுவினார். வலது கையை அவளே முழங்கைவரை கழுவிவிட்டாள். இடது கையை அவர் வலது கையால் கழுவிக்கொள்ள வேண்டும். அவர் கழுவவில்லை. நேராகத் தலையைத் தடவப் போனார்.

“இடது கைங்க?”

“அவன் செஞ்சுக்குவான்.”

“எவன்?”

இதென்ன கேள்வி என்பது போல அவளைப் பார்த்தார். “முஆத்து.”

ஆமினா மிச்சத் தண்ணீரை அவர் காலில் ஊற்றினாள்.

கைகால் பயிற்சி கொடுக்க ஜோதிமணி என்ற பிசியோதெரபிஸ்ட் பேத்துப்பாறையிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து அங்கே குடியேறிய குடும்பம் அவளுடையது. அன்று அவளை வாசலிலேயே மறித்தாள் ஆமினா.

“தாயி, அவுகளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. மௌத்தாப் போன கொழுந்தன் கைங்கிறாக. நான் யாருட்டப் போயிச் சொல்லுவேன்?”

ஜோதிமணி பையை இறக்கிவைத்தாள். “பைத்தியம் இல்லம்மா. இருங்க, உங்களுக்கே விளங்க வைக்கிறேன். கடையில இருந்து வந்த இன்னொரு கையுறை இருக்குமே, சோடியில மிச்சம்?”

அந்தக் கையுறைக்குள் பஞ்சை அடைத்துக் கை மாதிரி ஆக்கினாள். அடுப்படி மேசையில் ஆமினாவின் வலது கையை வைக்கச் சொல்லி, அது அவள் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு ஸ்வெட்டர் அட்டைப் பெட்டியை நிறுத்தி மறைத்தாள். பஞ்சுக் கையுறையை அவள் கண்ணெதிரே, அவள் தோளிலிருந்து கை வருகிற வாக்கில் வைத்து, தோளையும் மேசையையும் சேர்த்து ஒரு துண்டைப் போர்த்தினாள். பிறகு பையிலிருந்து இரண்டு பிரஷ் எடுத்து, ஒன்றால் பஞ்சுக் கையையும் மற்றதால் மறைந்திருந்த நிஜக் கையையும் ஒரே நேரத்தில், ஒரே விரலில், ஒரே மாதிரி வருடினாள்.

“பஞ்சுக் கையவே பாருங்க. பேசாதீங்க.”

முதலில் ஆமினாவுக்குச் சிரிப்பு வந்தது. வருடல் நிற்கவில்லை. குக்கர் ஒருமுறை கத்தி அடங்கியது. எப்போது என்று தெரியவில்லை, பிரஷ் உரசுகிற கூச்சம் பஞ்சுக் கைக்குள்ளிருந்தே வருவது போல ஆகிவிட்டது. அவள் கண் கிறங்கியது. கையுறை அவளுடைய கையாக அங்கே கிடந்தது. ஜோதிமணி சட்டென்று பூண்டு நசுக்கும் குழவியை எடுத்துக் கையுறை மேல் ஓங்கினாள்.

“அல்லாவே! எங்கையி!” என்று அலறி, பெட்டிக்குப் பின்னாலிருந்த கையை உருவி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள் ஆமினா. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த ஆமினா பாதியில் நிறுத்திவிட்டாள்.

“நல்லா இருக்கிற எனக்கே இப்பிடின்னா...”

“அதேதாம்மா. கண்ணு ஒரு சேதி சொல்லுது, தோலு ஒரு சேதி சொல்லுது. ரெண்டும் ஒண்ணா வந்து சேர்ந்தா, இது நம்ம கைன்னு மூளை எடுத்துக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். பாய்க்குத் தோலு சொல்ற சேதி போய்ச் சேரல. கண்ணு மட்டும் ஒரு கை கெடக்குன்னு சொல்லுது. யாரு கைன்னு தெரியல. அதான் மூளை அதுவா ஒரு ஆளைத் தேடிக்கிச்சு.”

“அதுக்கு அவன்தான் ஆம்புட்டானா?” என்றாள் ஆமினா.

பயிற்சி தொடங்கியது. கண்ணை மூடச் சொல்லி இடது கையில் பிரஷால் வருடினால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் திறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் லேசாக, ரொம்பத் தூரத்தில், ஏதோ தெரிந்தது. “தெரியுது. ஆனா அவன் கையிலதான் தெரியுது,” என்றார். ஜோதிமணி தொடர்ந்து வருடினாள்.

இன்னொரு நாள் கடையில் ஆட்கள் ஸ்வெட்டர் போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடியை ஜெயமுருகன் தூக்கிக்கொண்டு வந்தார். அதைக் கட்டிலுக்கு எதிரே சாய்த்து வைத்து, ஜமால் முகம்மதுவை நிமிர்த்தி உட்கார வைத்தார்கள்.

“கண்ணாடியில யாரு பாய்?”

“நாந்தான்.”

“அந்த இடது கை?”

அவர் பார்த்தார். நரைத்த தாடியும் சால்வையுமாக ஒரு மனிதர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு கை இருந்தது. இரண்டும் அவர் தோளிலிருந்துதான் வந்தன. வேறு யாரும் அந்தக் கட்டிலில் இல்லை.

“என் கை,” என்றார், தானே அதிசயப்பட்டு.

“இப்பக் குனிஞ்சு மடியைப் பாருங்க.”

குனிந்தார். “இது முஆத்து.” நிமிர்ந்தார். “அது என்னுது.” திரும்பவும் குனிந்தார். அவர் முகத்தில் இருந்த தெளிவு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதை ஆமினா பார்த்தாள்.

“கண்ணாடியைத் திருப்பி வைய்யி, ஜெயமுருகா,” என்றார். “இன்னிக்குப் போதும். நாளைக்கும் வேண்டாம். அந்தப் புள்ளைய வர வேண்டாம்னு சொல்லு.”

ஜோதிமணி எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் பிரஷைப் பையில் போட்டு, ஆமினாவிடம் தலையசைத்துவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் ஆமினா அடுப்படிக்குப் போகவில்லை. கட்டிலில் அவர் காலடியில் உட்கார்ந்தாள். வெளியே மூடுபனி கூரைகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு மேலேறி வந்தது.

“ஏன் வேண்டாங்குறீங்க?”

“அந்தப் புள்ள சொல்றது எனக்குப் புரியாமலா இருக்கு? தோளைத் தொட்டுப் பாக்குறேன், எங்கிட்டத்தான் ஒட்டியிருக்கு. ஆனா கண்ணத் தாழ்த்துனா அவன் கெடக்கான். மொகத்தப் பாக்கல ஆமினா. ஒரு பிடி மண்ணு போடல. போன்ல ஒருத்தன் சொன்னான், முடிஞ்சுருச்சு பாய்னு. இப்பத்தான் வந்து படுத்துருக்கான். கையி என் கையா ஆயிருச்சுன்னா, அப்புறம் இவன் எங்க போவான்?”

ஆமினா கையுறைக்கு மேலே அந்தக் கையைத் தடவினாள். அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது முஆத் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு டிபன் கட்டிக் கொடுத்தவள் அவள். “இருக்கட்டுங்க,” என்றாள். “இருக்குற மட்டும் இருக்கட்டும்.”

அதன் பிறகு யாரும் அவரை வற்புறுத்தவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த கண்ணாடியின் முதுகில் பல்லி ஒன்று குடியிருந்தது. பூண்டியிலிருந்து கேரட் ஏற்றிவரும் வண்டிகள் கீழே ரோட்டில் உறுமிக்கொண்டு போயின. ஜமால் முகம்மது தம்பியோடு இருந்தார். என்ன பேசினார் என்று பின்னால் கேட்டபோது, “ஒண்ணுமில்ல. கடைச் சோலிதான். இந்த வருசம் சரக்கு எப்படி, யாரு யாரு வந்தாங்க,” என்று சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஆமினாவைக் கூப்பிட்டார். வெள்ளனே எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“வெந்நீர் போடு. பெரிய பாத்திரத்துல. புதுசா ஒரு சோப்பு எடு.”

“குளிக்கப் போறீங்களா?”

“கொஞ்சம் சூடமும் எடுத்துட்டு வா.”

சூடம் எதற்கு என்று அவளுக்குத் தெரியும். மையத்தைக் குளிப்பாட்டும்போது கடைசித் தண்ணீரில் கரைப்பார்கள்.

“கை மட்டுந்தான்,” என்றார் அவர். “எவனெவனோ தெரியாதவன் குளிப்பாட்டியிருப்பான். குளிப்பாட்டுனானோ என்னமோ. நான் பண்ணி அனுப்புறேன் ஆமினா. எத்தனை நாள்தான் இங்கனயே போட்டு வச்சிருக்கது?”

அவள் தாம்பாளத்தைக் கட்டிலில் வைத்தாள். கையுறையை அவர் ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். பிஸ்மி சொல்லி, முதல் செம்புத் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் மணிக்கட்டில் விழுந்து விரல் நுனி வழியாகச் சொட்டுவதைப் பார்த்தபடி இருந்தார். சோப்பை எடுத்து உள்ளங்கையைத் தேய்த்தார். விரல் இடுக்குகளை, நகக் கண்களை, புறங்கையை. அவசரப்படவில்லை. தூங்குகிற குழந்தையைக் குளிப்பாட்டுவது போல, எழுந்துவிடக் கூடாதென்ற கவனத்தோடு தேய்த்தார். கண்ணை எடுக்கவே இல்லை.

இரண்டாவது செம்பு. வலது கையின் கீழே இடது கை வழுவழுவென்று நுரையில் புரண்டது. வெந்நீரின் சூடு வலது கையில் தெரிந்தது. பிறகு, எங்கேயோ மலைக்கு அந்தப் பக்கம் விளக்கு ஏற்றியது போல, இன்னொரு சூடு. அவர் தேய்ப்பதை நிறுத்தினார். சூடு நின்றது. தேய்த்தார். வந்தது. தேய்க்கிற கைக்குத் தெரிந்த அதே இடத்தில், தேய்க்கப்படுகிற கைக்கும் தெரிந்தது.

“ஆமினா,” என்றார். “சுடுது.”

“தண்ணியா? பச்சைத் தண்ணி ஊத்தட்டுமா?”

“இல்ல. இங்க.” கண்ணால் காட்டினார். “எனக்குச் சுடுது.”

இப்போதே நிறுத்திவிட்டால் அவன் இருப்பான் என்று ஒரு நொடி தோன்றியதாக அவர் பின்னால் சொன்னார். ஆனால் குளிப்பாட்ட ஆரம்பித்ததைப் பாதியில் விடக் கூடாது. சூடம் கரைத்த தண்ணீரை எடுத்து ஊற்றினார். அறை முழுக்க அந்த வாசம் எழுந்தது. அந்தத் தண்ணீர் வழிந்தபோது அது அவருடைய கையில்தான் வழிந்தது. தாம்பாளத்தில் கிடந்தது அவருடைய கை. நரைத்த முடியும் ஒட்ட வெட்டிய நகமுமாக, வயதான, மரத்துப்போன, அவருடைய சொந்தக் கை.

தம்பி செத்த அன்று அழாத மனிதர் அன்றைக்கு அழுதார். ஆமினா ஒரு வெள்ளைத் துண்டால் அந்தக் கையைத் துடைத்துவிட்டாள். மத்தியானம் ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. அவர் வெகுநேரம் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஜோதிக்குப் போனைப் போடு, வரச் சொல்லு,” என்றார்.

கை எளிதில் வசப்படவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் சொன்னபடி கேட்கும். கண்ணை எடுத்தால் நழுவிவிடும். எலுமிச்சம்பழம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு டிவி பார்த்தால், கொஞ்ச நேரத்தில் பழம் கட்டிலடியில் உருண்டு கிடக்கும். காலையில் எழுந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, வலது கையால் இடது கையைத் தோளிலிருந்து விரல்வரை பார்த்துப் பார்த்துத் தடவிக்கொடுப்பது. “அட்டெண்டன்ஸ் எடுக்குறேன்,” என்பார். ஜோதிமணி சிரிப்பாள். சித்திரையில் சீசன் தொடங்கியபோது கோல் ஊன்றிக் கடைக்குப் போய் உட்கார்ந்தார். மடிப்பதெல்லாம் ஜெயமுருகன். ஆளைப் பார்த்து அளவு சொல்வது மட்டும் பழையபடி அவர்.

சீசன் முடிந்து ஆனி மாதத்தில், பழனிக்குப் போகவேண்டும் என்றார். முஆத்தின் மனைவி மஹ்ஜபின் அங்கே தன் அம்மா வீட்டில் இருந்தாள். தம்பி இறந்ததிலிருந்து அவர் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. பணமும் துணியும் ஆமினாதான் கொண்டுபோய்க் கொடுத்து வந்தாள்.

மலையிறங்க இறங்கக் காது அடைத்துத் திறந்தது. கீழே வெயில் வெள்ளையாக நின்றது. மஹ்ஜபின் அவரைக் கூடத்தில் உட்கார வைத்து ஃபேனைக் கூட்டிவைத்தாள். பேச்சு முதலில் உடம்பைப் பற்றிப் போனது. பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். கட்டிலில் கண்டது, கையுறை போட்டது, கண்ணாடி, சூடம். தம்பியின் பெயரை அவர் வாயால் அந்த வீட்டில் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. மஹ்ஜபின் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“காட்டுங்க மச்சான், பாப்போம்.”

அவர் வலது கையால் இடது கையைத் தூக்கி நீட்டினார். அவள் குனிந்து புறங்கையைப் பார்த்தாள், திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையை ஆட்டினாள்.

“அவுக கை இப்பிடி இல்லியே மச்சான். அவுகளுக்கு வெரலு நல்லா நீளமால்ல இருக்கும்.”

ஆமினா பதறிப்போய் அவரைப் பார்த்தாள். ஜமால் முகம்மது யோசித்தார். நீளம்தான். அடுக்கின் உச்சியிலிருந்து சால்வை எடுக்க முஆத்துக்கு ஸ்டூல் தேவைப்பட்டதில்லை. “ஆமால்ல,” என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மஹ்ஜபினும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“சாப்பிட்டுட்டுத்தான் போகணும்,” என்று எழுந்தாள். இரண்டடி போனவள் திரும்பி வந்து, கேட்கத் தயங்கி, “இருந்தாலும் செத்த நேரம் குடுங்க,” என்றாள். அந்தக் கையை இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துப் பொத்திக்கொண்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். கையைப் பார்க்கவில்லை. வெளியே முருங்கை மரத்தில் வெயில் அசைந்துகொண்டிருந்தது. அவளுடைய உள்ளங்கைகளில் வேர்வை இருந்தது, ஒரு விரலில் மோதிரம் அழுத்தியது. அவருக்கு அது தெரிந்தது.